வாசனை எப்படி நிற்கிறது? மோப்பச் செல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசனை எப்படித் தெரிகிறது என்பதற்கு விளக்கம் நிறையவே கிடைக்கும். தெரிந்த வாசனை எப்படி நிற்கிறது என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. எனக்கு இரண்டாவதுதான் சுவாரசியமான கேள்வி. ஒரு செல் கிளர்ந்தெழுவதைவிட, எழுந்த பிறகு சட்டென்று அடங்குவதுதான் கடினம். இந்தப் பக்கத்தில் ‘வாசனை’ என்று எழுதும்போது நல்லது, கெட்டது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். செல்லுக்கு அந்த வேற்றுமை தெரியாது.

காற்றில் வாசனை போய்விட்டால் செல்லும் தானாக நின்றுவிடாதா?

நின்றுவிடாது. வாசனை மூலக்கூறு செல்லைத் தொட்டு விலகுவதற்கு ஆகும் நேரம் கண்ணிமைப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தத் தொடுதலால் செல்லுக்குள் உண்டான பொருள்கள் அங்கேயேதான் கிடக்கும். விருந்தாளி வாசல் தாண்டிவிட்டார், அடுப்பில் ஏற்றிய உலை இன்னும் கொதிக்கிறது என்பது மாதிரி. யாராவது போய் அடுப்பை அணைக்க வேண்டும், உலையை இறக்க வேண்டும். மோப்பச் செல்லில் இந்த வேலைகளுக்கென்றே தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன.

அவ்வளவு அவசரம் எதற்கு? மெதுவாக நின்றால் என்ன கெட்டுவிடும்?

மூச்சுதான் காரணம். வாசனை மூக்குக்குள் இடைவிடாமல் வருவதில்லை; ஒவ்வொரு மூச்சிழுப்பிலும் தவணை தவணையாக வருகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். நமக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. சுண்டெலியைப் பாருங்கள். எதையாவது மோப்பம் பிடித்துக்கொண்டு போகும்போது நொடிக்கு 10 முறை வரைகூட அது மூக்கை உறிஞ்சும். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருப்பது பத்தில் ஒரு நொடிதான். முந்தைய மூச்சுக்குச் சொன்ன பதிலையே செல் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், வாசனை இங்கே கூடியதா குறைந்ததா என்று மூளை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்பது அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கிறது.

இந்தச் செல்கள் எங்கே இருக்கின்றன? பார்க்க எப்படி இருக்கும்?

மூக்குக்குழியின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒரு சின்னப் பரப்பு. அதில் லட்சக்கணக்கில் இந்தச் செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை நரம்புச் செல்களேதான். உடம்பில் மற்ற நரம்புச் செல்கள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்க, இவற்றின் ஒரு முனை மட்டும் சளிப்படலத்தில் நனைந்தபடி வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். மறுமுனை மண்டையோட்டுச் சல்லடை எலும்பின் துளைகள் வழியாக மேலேறி மூளையின் மோப்பக் குமிழைத் தொடும்.

கவனிக்க வேண்டியது அந்த வெளிமுனை. அதிலிருந்து குற்றிழைகள் என்ற நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகள் ஒரு கொத்தாகக் கிளம்பிச் சளிக்குள் படர்ந்திருக்கும். ஒரு குற்றிழையின் குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது; தலைமுடி இதைவிடப் பல நூறு மடங்கு தடிமன். வாசனைக்கான வேலை அத்தனையும் இந்த நூலுக்குள்தான் நடக்கிறது. இவ்வளவு ஒடுக்கமான இடத்தில் சில நூறு அயனிகள் கூடுதலாக நுழைந்தாலே அளவு எகிறிவிடும். பின்னால் கால்சியத்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நிற்பதற்கு முன், தொடங்குவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

குற்றிழையின் மேல்தோலில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400, சுண்டெலியிடம் ஆயிரத்துக்கும் மேல். ஒரு செல்லில் பொதுவாக ஒரே வகை ஏற்பிதான் இருக்கும்.

வாசனை மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் உள்பக்கம் இருக்கும் ஜி-புரதம் என்ற செய்தி கடத்தும் புரதம் ஒன்று விழித்துக்கொள்கிறது. அது அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறுகளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. இவை போய் அயனிக் கால்வாய்களைத் திறக்கும். திறந்த கால்வாய் வழியே சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். அந்தக் கால்சியம் இன்னொரு கால்வாயைத் திறக்கும். அதன் வழியே குளோரைடு வெளியே போகும். செல்லின் மின்னழுத்தம் ஏறி, துடிப்புகள் மூளைக்குக் கிளம்பும். இத்தனையும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது.

குளோரைடுக் கால்வாய் திறந்தால் செல் அடங்கத்தானே வேண்டும்?

நல்ல கேள்வி. முதிர்ந்த நரம்புச் செல்களில் பெரும்பாலானவற்றில் குளோரைடுக் கால்வாய் திறந்தால் குளோரைடு உள்ளே வரும், செல் அமைதியாகும். மோப்பச் செல் முறை வேறு. அது ஓய்வில் இருக்கும்போதே குளோரைடை உள்ளே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் கதவு திறந்ததும் குளோரைடு வெளியே ஓடுகிறது. எதிர்மின் அயனி வெளியேறினால் உள்ளே நேர்மின் பக்கம் ஏறும். எலி இனங்களில் மோப்பச் செல்லின் மின்னோட்டத்தில் பெரும்பகுதி இந்தக் குளோரைடினால்தான் வருகிறது. ஆனால் அந்தக் கால்வாய்க்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் பெரிய சிரமமின்றி வாசனை பிடித்தன. பெரும்பகுதி மின்னோட்டம் போயும் மூக்கு சமாளிக்கிறது என்பது ஆய்வாளர்களுக்கே அதிர்ச்சிதான்.

சரி, நிறுத்துவதற்கு எதையெல்லாம் செய்ய வேண்டும்?

தொடங்கிய ஒவ்வொரு படியையும் முடித்து வைக்க வேண்டும். மூலக்கூறு ஏற்பியைவிட்டு விலக வேண்டும். ஜி-புரதம் தூங்க வேண்டும். அது தன்னைத் தூண்டி வைத்திருக்கும் ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறைத் தானே உடைத்துக்கொண்டு அணைந்துவிடும், ஒரு வகையில் அதற்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. மிச்சமிருக்கும் சைக்ளிக் ஏஎம்பியை அழிக்க வேண்டும். முதல் கால்வாய் மூட வேண்டும். உள்ளே வந்த கால்சியத்தை வெளியே தள்ள வேண்டும், அப்போதுதான் குளோரைடுக் கால்வாயும் மூடும். சங்கிலியில் எந்தக் கண்ணி மெதுவாக நகர்கிறதோ அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். அந்தக் கண்ணி எது என்று பிடிப்பதற்குத்தான் இவ்வளவு காலம் ஆனது.

முதல் படியிலேயே, ஏற்பியை அணைத்துவிட்டால் போதாதா?

கண்ணில் அப்படித்தான் நடக்கிறது. விழித்திரையின் கோல் செல்லில் ஒரே ஒரு ஒளித்துகள், ஒளியை உணரும் ஏற்பியான ரோடாப்சின் ஒன்றைத் தூண்டினால் போதும், அது அணைவதற்குள் பல ஜி-புரதங்களை எழுப்பிவிடும். அதனால் ரோடாப்சினை அடக்க கைனேஸ் என்ற ஒரு நொதி, அதன் மேல் வந்து உட்கார அரெஸ்டின் என்ற புரதம் என்று கண்ணில் ஏற்பாடு பலமாக இருக்கிறது.

மூக்கும் அதே மாதிரிதான் இருக்கும் என்று நெடுநாள் நினைத்தார்கள். 2005இல் தவளையின் மோப்பச் செல்களில் செய்த அளவீடுகள் வேறு கதை சொன்னன. வாசனை மூலக்கூறு ஏற்பியில் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிநொடி அல்லது அதற்கும் கீழே. அந்த நேரத்துக்குள் ஒரு ஜி-புரதமாவது விழித்தெழுவதற்கான வாய்ப்பே குறைவு. பல மூலக்கூறுகள் வந்து வந்து தட்டினால்தான் ஏதோ சில தட்டல்கள் உள்ளே கேட்கும். தட்டியவர் உடனே போய்விடுகிறார் என்றால், கதவருகே ஆளை நிறுத்தி விரட்ட வேண்டிய அவசியமும் குறைவு. மூக்கில் சிக்கல் பின் படிகளில் இருக்கிறது.

சைக்ளிக் ஏஎம்பியை அழிப்பது யார்?

பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதிகள். மோப்பச் செல்லில் இரண்டு வகை உண்டு. பிடிஇ1சி குற்றிழைக்குள்ளேயே இருக்கிறது, கால்சியம் ஏறினால் அதன் வேகமும் ஏறும். பிடிஇ4ஏ குற்றிழையைத் தவிர்த்துச் செல்லின் மற்ற பகுதிகளில் இருக்கிறது.

வேலை நடக்கும் இடத்திலேயே பிடிஇ1சி இருக்கிறது, கால்சியத்துக்குச் செவிசாய்க்கவும் செய்கிறது. நிறுத்துவது இதுதான் என்று எவரும் அடித்துச் சொல்லியிருப்பார்கள். 2009இல் அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். பதில் நீளவே இல்லை! வழக்கம்போல வேகமாகவே நின்றது. பிடிஇ1சி, பிடிஇ4ஏ இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் நிற்பது தாமதமானது. அதாவது, குற்றிழைக்குள் அழிக்க ஆளில்லை என்றாலும் சைக்ளிக் ஏஎம்பி அங்கிருந்து கசிந்து செல்லின் உடல் பக்கம் போய் அங்கே அழிந்துவிடுகிறது. பிடிஇ1சி மட்டும் இல்லாத செல்களின் உணர்திறன் குறைந்திருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அழிக்கும் நொதி போனால் உணர்திறன் கூடும் என்றுதான் நான் பந்தயம் கட்டியிருப்பேன்.

பதிலை வளர்ப்பதே கால்சியம்தானே. அதுவே எப்படி நிறுத்தும்?

இந்தக் கதையின் மையமே இதுதான். உள்ளே வந்த கால்சியம் ஒரு கையால் குளோரைடுக் கால்வாயைத் திறந்து பதிலைப் பெரிதாக்குகிறது. மறு கையால் கால்மோடுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, தான் நுழைந்த கால்வாயையே சைக்ளிக் ஏஎம்பிக்கு மந்தமாக்குகிறது. வந்த வழியைத் தானே அடைக்கிறது என்று சொல்லலாம்.

1997இல் நியூட் என்ற நீர்நில வாழ்வியின் மோப்பச் செல்லில் ஓர் அழகான சோதனை நடந்தது. சைக்ளிக் ஏஎம்பியை வேதியியல் கூண்டுக்குள் அடைத்துச் செல்லுக்குள் ஏற்றிவிட்டார்கள். புற ஊதா ஒளியைப் பளிச்சென்று அடித்தால் கூண்டு உடைந்து அது வெளிவரும். இதில் ஏற்பி, ஜி-புரதம், நொதி மூன்றையும் தாண்டி நேராகக் கால்வாய்க்கே போய்விடலாம். அப்படியும், அடுத்தடுத்து இருமுறை ஒளி அடித்தபோது இரண்டாவது பதில் சிறுத்தது, வாசனை காட்டியபோது சிறுத்தது போலவே. ஆகவே பழகிப்போவதற்கான, அதாவது மறுபடி வரும் வாசனைக்குச் செல்லின் பதில் குறைவதற்கான, இடம் கால்வாய்தான் என்று முடிவு கட்டினார்கள். பாடப்புத்தகங்களிலும் அது ஏறியது.

2008இல் சுண்டெலிக் கால்வாயில் கால்மோடுலின் ஒட்டும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசனை காட்டினால் பதில் சிறுப்பது அப்படியே இருந்தது. மாறியது வேறொன்று: வாசனை போன பிறகு செல் அடங்குவது தாமதமானது. எந்த வேலைக்கு என்று நினைத்தார்களோ அதற்கு அது அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வேலைக்கு வேண்டியிருந்தது. இந்தத் துறையைப் படிக்கும்போது இந்த மாதிரித் திருப்பங்களுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

அப்போது எல்லாவற்றையும்விட மெதுவான கண்ணி எது?

கால்சியத்தை வெளியே தள்ளுவது. முதல் கால்வாய் மூடிவிட்டாலும், குற்றிழைக்குள் கால்சியம் தேங்கி நிற்கும்வரை குளோரைடுக் கால்வாய் திறந்தேதான் இருக்கும்; செல் பேசிக்கொண்டேதான் இருக்கும். வெளியே இருக்கும் கால்சியத்தின் அளவு உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்குக்குக் குறையாது. அந்த மேட்டை எதிர்த்துத் தள்ள வேண்டும்.

தவளைச் செல்லில் வெளிக்கரைசலிலிருந்து சோடியத்தை நீக்கினால் பதில் நீண்டுபோகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. சோடியம் உள்ளே இறங்கும் விசையைப் பயன்படுத்திக் கால்சியத்தை ஏற்றி வெளியே அனுப்பும் ஏதோ ஒரு மாற்றிப் புரதம் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். எது அந்தப் புரதம்? 2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சுவையையும் மோப்பத்தையும் ஆராயும் பிலடெல்பியாவின் மோனெல் மையமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அதற்குப் பெயர் கொடுத்தது: என்சிகேஎக்ஸ்4. நான்கு சோடியம் உள்ளே வர, ஒரு கால்சியமும் ஒரு பொட்டாசியமும் வெளியே போகும். அதுதான் அதன் கணக்கு.

இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிச் செல்கள் வாசனை நின்ற பிறகும் வெகுநேரம் பதிலைத் தொடர்ந்தன. அடுத்தடுத்து வாசனை காட்டினால் துடிப்புகளைச் சரியாக அனுப்ப முடியாமல் திணறின. பழகிப்போவதும் அதிகமானது, உள்ளே தேங்கிய கால்சியம் செல்லை மந்தமாகவே வைத்திருக்கிறது.

ஒரு சின்னத் தகவல்: இதே புரதம் பல் எனாமல் உருவாகவும் வேண்டும். இதன் மரபணுவில் பழுது இருந்தால் எனாமல் சரியாக இறுகாத பரம்பரை நோய் வரும். கால்சியத்தைக் கடத்தும் புரதம் என்றால் பல்லுக்கும் வேலைக்கு ஆள் வேண்டும்தானே.

செல் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தால் மோப்ப சக்தி கூடத்தானே வேண்டும்?

அப்படித்தான் தோன்றும். மேலே சொன்ன அதே ஆய்வில், மோப்பச் செல்களில் மட்டும் என்சிகேஎக்ஸ்4 நீக்கப்பட்ட சுண்டெலிகள் வாசனை வரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பின்தங்கின. உடல் எடையும் குறைவு. ஓயாமல் அடிக்கும் மணியை வைத்துக்கொண்டு நேரம் பார்க்க முடியாது.

ஒற்றைச் செல்லின் பதிலை எப்படி அளக்கிறார்கள்?

செல்லைத் தனியே பிரித்தெடுத்து, முனை குறுகிய கண்ணாடிக் குழாய்க்குள் அதன் உடலை மெல்ல உறிஞ்சி இழுக்கிறார்கள். குற்றிழைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். கரைசலை மாற்றினால் வாசனை வரும், திரும்ப மாற்றினால் போகும், எல்லாம் மில்லிநொடிக் கணக்கில். குழாய் வழியே ஓடும் மின்னோட்டம் திரையில் கோடாக வரும்.

இரட்டைத் தட்டு என்று சொல்லக்கூடிய சோதனை இதில் முக்கியம். ஒரு நொடி வாசனை காட்டுகிறார்கள். கோடு சட்டென்று இறங்கிப் பள்ளமாகி மேலேறும். கொஞ்சம் பொறுத்து அதே வாசனையை அதே அளவில் மறுபடி காட்டுகிறார்கள். இடைவெளி ஒரு நொடி என்றால் இரண்டாவது பள்ளம் ஆழமில்லாமல் சிறிதாக இருக்கும். இடைவெளியை நீட்டிக்கொண்டே போனால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்து, பத்து நொடி வாக்கில் ஏறத்தாழ முதல் அளவைத் தொடும். அந்த ஒரே படத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். முதல் பள்ளம் எவ்வளவு விரைவில் மேலேறுகிறது என்பது நிற்பதன் வேகம். இரண்டாவது பள்ளம் எவ்வளவு சிறுத்தது என்பது பழகியதன் அளவு.

நிற்பதும் பழகுவதும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. நிற்பது என்றால் வாசனை போன பின் செல் ஓய்வுக்குத் திரும்புவது. பழகுவது என்றால் வாசனை இருக்கும்போதே, அல்லது மறுபடி வரும்போது, செல் குறைவாகப் பதில் சொல்வது. மூன்றாவதாக, செல் ஒழுங்காகச் சொல்லியும் மூளை காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் உண்டு. முதல் இரண்டிலும் கால்சியத்துக்குக் கை இருக்கிறது, ஆனால் மேலே பார்த்தபடி வழிகள் ஒன்றல்ல. மூன்றாவது மோப்பக் குமிழிலும் அதற்கு மேலுள்ள மூளைப் பகுதிகளிலும் நடக்கிறது.

என் சொந்த வீட்டு வாசனை எனக்குத் தெரிவதில்லை. அதுவும் கால்சியம்தானா?

முழுக்க அல்ல. கால்சியம் சம்பந்தப்பட்ட பழக்கம் நொடிகளில், அதிகம் போனால் நிமிடங்களில் தெளிந்துவிடும். வீட்டு வாசனை நாள்கணக்கு விஷயம். 1990களில் ஒரு சோதனையில், பங்கேற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே ஒரு வாசனைப் பொருளை இரண்டு வாரம் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்த வாசனைக்கு மட்டும் அவர்களின் உணர்திறன் இறங்கியது. பொருளை எடுத்துவிட்ட பிறகும் உடனே பழைய நிலைக்கு வரவில்லை. வெளியூர் போய்ப் பல நாள் கழித்து வந்து கதவைத் திறக்கும் முதல் சில மூச்சுகளில் மட்டும் நம் வீட்டு வாசனை நமக்குத் தெரிவது இதனால்தான்.

ஒன்றுக்குப் பழகிவிட்டால் மற்ற வாசனைகளும் மங்குமா?

அதே ஏற்பிகளைத் தட்டும் ஒத்த வாசனைகள் ஓரளவு மங்கும். தொடர்பில்லாதவை அப்படியே தெரியும். செல்லுக்கு ஒரு வகை ஏற்பி என்பதால், களைப்பும் அந்தந்தச் செல்களோடு நின்றுவிடுகிறது.

வாசனைத் திரவியம் விற்கும் இடங்களில் காப்பிக் கொட்டையை முகரச் சொல்கிறார்களே, அது மூக்கைப் புதுப்பிக்குமா?

சோதித்துப் பார்த்ததில் காப்பிக் கொட்டை முகர்ந்தவர்களுக்கும் வெறும் காற்றை முகர்ந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காப்பி வாசனையே நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை. களைத்த செல்களுக்கு ஓய்வு தருவதற்குப் பதில் இன்னும் பலவற்றுக்கு வேலை வைக்கும். இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள். கால்சியம் தானாக வெளியேறும்.

வாயுக் கசிவு வாசனை கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போனால் கசிவு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வாசனை தெரியவில்லை என்றால் மூக்கு பழகிவிட்டது என்றும் இருக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு இதில் மோசமானது. அழுகிய முட்டை நாற்றமுள்ள இந்த வாயு கழிவுநீர்த் தொட்டிகளிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் உண்டாகும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழேயே பலருக்கு வாசனை தெரிந்துவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே மோப்பம் செத்துவிடும். அளவு இன்னும் ஏறினால் உயிருக்கு ஆபத்து. நாற்றம் வந்தது, போய்விட்டது என்று உள்ளே இறங்குகிறவர் அங்கேயே விழுந்துவிடுகிறார். மூக்கை நம்ப வேண்டாம், அளவிடும் கருவியை நம்புங்கள். சமையல் வாயுக் கசிவிலும் அப்படியே: நாற்றம் ஒரு தடவை வந்துவிட்டால் வெளியேறுவதுதான் சரி, மறுபடி முகர்ந்து உறுதி செய்துகொண்டிருக்கக் கூடாது.

கோவிட் வந்து வாசனை போனதும் இதே வகையா?

இல்லை. அங்கே செல்லின் அணைப்பு வேலையில் கோளாறு இல்லை. அந்த வைரஸ் முக்கியமாகத் தாக்குவது மோப்பச் செல்களைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. வைரஸ் நுழையப் பயன்படும் ஏசிஇ2 புரதம் அவற்றில்தான் இருக்கிறது. மோப்பச் செல்கள் அடியிலுள்ள மூலச்செல்களிலிருந்து வாழ்நாள் முழுக்கப் புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பதால் பலருக்கும் வாசனை திரும்பிவிடுகிறது. சாதாரணச் சளியில் பெரும்பாலும் காற்றே மேலே போய்ச் சேர்வதில்லை. அது வேறு கதை.

பூச்சிகளும் இப்படித்தான் நிறுத்துகின்றனவா?

பூச்சியின் ஏற்பி கட்டமைப்பிலேயே வேறு; ஏற்பியே அயனிக் கால்வாயாகவும் இருக்கிறது. இடையில் ஜி-புரதம், சைக்ளிக் ஏஎம்பி என்ற நீண்ட சங்கிலி அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் அவை வாசனையையே அழித்துவிடுகின்றன. ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பில் பெண்ணின் ஈர்ப்பு வாசனையைத் துண்டாக்கும் நொதி இருப்பதை 1981லேயே காட்டியிருக்கிறார்கள். நம் மூக்குச் சளியிலும் வாசனை மூலக்கூறுகளை மாற்றிவிடும் நொதிகள் உண்டு.

நானே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், சோப்புக்கட்டி ஒன்று போதும். வலது நாசியை விரலால் மூடிக்கொண்டு, இடது நாசி வழியாக மட்டும் சோப்பை மூக்கருகே வைத்து இரண்டு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூச்சை வாய் வழியே வெளியே விட்டால் மறுபக்கம் வாசனை கசிவது குறையும். சோப்பு மங்கிக்கொண்டே வருவது தெரியும். இப்போது சட்டென்று மாற்றுங்கள்: இடதை மூடி வலதைத் திறங்கள். பெரும்பாலும் வாசனை கொஞ்சம் புதிதாகத் திரும்பி வரும். வலப்பக்கச் செல்கள் இன்னும் களைக்கவில்லை, அதனால். அதே நேரம், முதல்முறை முகர்ந்தபோது இருந்த அளவு பளிச்சென்று இராது. இரண்டு நாசிக்கும் மூளை பொது என்பதால் அங்கே ஏற்பட்ட பழக்கம் வலப்பக்கத்தையும் தொட்டுவிட்டது. எவ்வளவு திரும்பியது என்பதை மூக்கின் பங்காகவும், எவ்வளவு திரும்பவில்லை என்பதை மூளையின் பங்காகவும் உத்தேசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று கவனியுங்கள்: நம் இரு நாசிகளும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறந்திருப்பதில்லை, சில மணிநேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்ளும். அடைத்த பக்கத்தில் தொடங்கிவிட்டால் கணக்கு தப்பும். சிறிது நேரம் கழித்துப் பக்கம் மாற்றி இன்னொரு தடவை செய்து பாருங்கள்.